சுட்ட இறைச்சியும் பனையின் சாறும்

கொழும்பு நகரத்தின் பெரிய விடுதிகளிலும், போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் எழுந்த சில உணவகங்களிலும், ‘ஸ்ரேக்’ என்னும் பண்டம் பெருமதிப்புடன் பரிமாறப்படுவதை இன்று காண்கிறோம். தடித்த மாட்டிறைச்சித் துண்டமொன்றைக் கரிநெருப்பின்மேல் இரும்புக் கம்பிகளிற் கிடத்தி வாட்டி, விஸ்கியும் சீனியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய பாகினை இறுதியில் அதன்மீது பூசி, பளபளப்பேறியதும் எடுத்து வைப்பர். அமெரிக்க முறைச் சமையல் என்பது அதற்கு வழங்கும் பெயர். அதனை உண்டு மகிழ்வோரைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. அங்கே அதனை நாகரிகத்தின் அடையாளமாகக் கொள்ளும் அதே பெரியவர், தம் ஊர்ப் பனங்கூடலின் நிழலில் கூலித் தொழிலாளி ஒருவர் ஊமற்கரியில் இறைச்சித் துண்டைச் சுட்டு ஒரு பிளாக் கள்ளோடு உண்பதைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பாற் செல்கிறார். இரண்டிடத்தும் தீ ஒன்றே, ஊன் ஒன்றே, இனிப்பும் காரமும் மதுவும் ஒன்றே. வேறுபடுவது உண்பவர் அமர்ந்திருக்கும் இடம் மாத்திரமே.

இவ் வேறுபாடு இயற்கை தந்ததன்று. அறியத்தக்க காலத்தில், அறியத்தக்க காரணங்களால், மனிதர் உண்டாக்கியது. உணவின் வரலாற்றை அடுப்படி விடயமென்று ஒதுக்கிவிட்டு, அரசர்களின் ஆட்சியாண்டுகளை மாத்திரம் மனனம் செய்விக்கும் பழக்கம் நம் பாடசாலைகளில் இன்றும் நீங்கவில்லை. ஆனால் ஒரு சமுதாயம் எதனை உண்டது என்பதிலும், எவர் உண்டால் அதற்குப் பெருமை, எவர் உண்டால் அதற்கு இழிவு என்று வகுத்தது என்பதிலும் அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது.

முதலிற் சமையலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தீயிற் பட்ட இறைச்சி பழுப்பேறி மணங்கமழ்வது, அதிலுள்ள புரதக் கூறுகளும் வெல்லக் கூறுகளும் வெப்பத்தால் இணைந்து மாறுவதனாலாகும். இம் மாற்றத்தை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் லூயி கமீல் மையார். மேலே பூசும் இனிய பாகு அம் மாற்றத்துக்குத் துணைசெய்கிறது. மதுவிலுள்ள சாராயக் கூறு 78 பாகை வெப்பத்திலேயே கொதித்துப் பெரும்பகுதி ஆவியாகிவிட, மதுவின் மணமும் சிறு கசப்பும் பின்தங்கி நிற்கின்றன. இனிப்பு மிகுந்த பாகு விரைவிற் கருகிவிடுமாதலால் இறைச்சி வெந்த பின்னரே அதனைத் தடவுவர். புளிப்பு, இனிப்பைத் திகட்டவிடாது. காரம், கொழுப்பின் மந்தத்தை மாற்றும். ஆகவே இனிப்பு, புளிப்பு, மது, காரம் ஆகிய நான்கும் கூடியதே அப் பாகு.

இந் நான்கில் மூன்றை நம் வளவிலுள்ள பனையொன்றே தந்துவிடுகிறது. பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டினால் இறங்குவது கருப்பநீர். சுண்ணாம்பின்றிக் கட்டினால் காற்றிலுள்ள நொதிகள் அதே சாற்றைச் சில மணி நேரத்திற் கள்ளாக்கிவிடும். கருப்பநீரைக் காய்ச்சி இறக்கினால் பனங்கட்டி. கள்ளை நாட்கணக்கிற் புளிக்கவிட்டால் வினாகிரி. கள்ளை வாலையிலிட்டு வடித்தால் சாராயம். ஒரு முட்டிச் சாறு, காலத்துக்கும் நெருப்புக்கும் ஏற்ப இத்தனை உருவங் கொள்கிறது. எஞ்சியுள்ள காரம் மாத்திரமே நமக்கு வெளியிலிருந்து வந்தது; அதன் கதையைப் பின்னர்க் கூறுவோம். எரிப்பதற்குக் கரியும் பனையிலிருந்தே கிடைத்தது. கிழங்கைப் பிளந்தெடுத்த பின் எஞ்சும் ஊமலைச் சுட்டெடுத்த கரி, கொல்லன் உலைக்கும் சமையலுக்கும் இப் பகுதியில் நெடுங்காலம் பயன்பட்டது. பனையைக் கற்பகதரு என்று மேடைகளில் வருணிப்போர் பலர். அம் மரத்தின் உச்சிக்கு நாள்தோறும் ஏறி இறங்கும் மனிதனைப் பற்றி அவர்கள் பேசக் கேட்டிலோம்.

இனிச் சங்க இலக்கியத்தை நோக்குவோம். பண்டைத் தமிழில் ‘சூடு’ என்னுஞ் சொல் வெப்பத்தை மாத்திரமன்றித் தீயிற் சுட்டெடுத்த உணவையும் குறித்தது. கரிகாற் பெருவளத்தானை முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், பசித்துவந்த கூத்தனுக்கு அரசன் அளிக்கும் விருந்து விரிவாகக் கூறப்படுகிறது. முதலிற் பொற்கலத்தில் மது. பின்னர் அறுகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் தொடைக்கறி. அதன் பின்னர் இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டங்கள். சூடு தாளாமல் வாயின் இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி அவர்கள் தின்கின்றனர். இரவும் பகலும் தின்றதனாற் பற்கள், கொல்லை உழுத கொழுப்போல் மழுங்கிவிட்டன என்கிறார் புலவர். பட்டினி கிடந்த வயிற்றை அறிந்த ஒருவராற்றான் இவ்வாறு பாட முடியும். அந்த உவமை உழவன் கருவியிலிருந்து பிறந்தது என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கடற்கரையில் வாழும் நமக்குச் சிறுபாணாற்றுப்படை இன்னும் நெருக்கமானது. நல்லூர் நத்தத்தனார் அதிற் காட்டும் நெய்தல் நிலத்தில், அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமிக்க மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கரையிற் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கி, கரும்புகை எழச் செந்தீ மூட்டி, நுளையர் குலப் பெண்ணொருத்தி அரித்தெடுத்த பழைய தேறலும், காய்ந்த குழல்மீனின் சூடும் பாணர்க்கு வீடுதோறும் கிடைக்கின்றன. வல்வெட்டித்துறையின் கரையில் கருவாட்டைத் தணலில் வாட்டித் தின்று வளர்ந்த எவருக்கும் இதற்கு அரும்பதவுரை வேண்டியதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ மது ஆக்கும் முறையையே கூறிவிடுகிறது. அரிசிக் களியை வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகின்றனர். அப் பிழா என்ற சொல், நம்மூரிற் கள் அருந்தப் பனையோலையிற் கோலும் பிளாவுக்குச் செவியளவில் எவ்வளவு அண்மையில் நிற்கிறது! அவரே பாடிய பட்டினப்பாலையில், கடலுக்குச் செல்லாத உவாநாளிற் பரதவர் பனங்கள்ளை மாந்துகின்றனர்; சுட்ட இறாலைத் தின்கின்றனர்.

இவற்றைக் கூறும்போது, பண்டைக்காலம் பொற்காலம் என்று முழங்கும் மயக்கத்துக்கு நாம் ஆளாகிவிடலாகாது. பொற்கலத்தில் மதுவருந்திய மன்னனும், மூங்கிற் குழாயிற் கள் முதிர்வித்த குறவனும் ஒரே வரிசையிலிருந்து உண்டவரல்லர். யவனர் கலங்களில் வந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் பருக வேண்டுமென நக்கீரர் வாழ்த்தியதைப் புறநானூறு காட்டுகிறது. 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அத்தகைய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இறக்குமதி மதுவுக்கு உயர்ந்த இடமும் உள்ளூர்க் கள்ளுக்குத் தாழ்ந்த இடமும் கொடுக்கும் வழக்கத்தின் வேர் அத்துணைப் பழமையானது போலும். ஆயினும் ஒன்று உறுதி. ஊன் உண்பதோ மது அருந்துவதோ அன்று பிறப்பின் இழிவைக் காட்டும் குறியாக இருக்கவில்லை. செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலரின் கை மென்மையாயிருப்பதன் காரணத்தை வினவியபோது, பூமணம் கமழும் புகையூட்டிய இறைச்சியையும் சோற்றையும் உண்பதன்றி வேறு வருத்தமான தொழில் அறியாத கை இது என்று அவர் விடை கூறினார். இந்தக் கபிலரைத்தான் மாறோக்கத்து நப்பசலையார் அழுக்கற்ற அறிவுடைய அந்தணர் என்று போற்றினார். அகநானூறு கூறும் மழவர் கொழுத்த ஆவைக் கொன்று தின்றவர். இச் செய்திகளை மறைத்துவிட்டுச் சங்க காலத்தைப் படிப்பித்தல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும்.

வள்ளுவர் புலாலையும் கள்ளையும் மறுத்தாரன்றோ என்று வினவலாம். மறுத்தார், மிக வன்மையாக மறுத்தார். ஆனால் எவரை நோக்கி மறுத்தார் என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கள்ளுண்ணாமையின் பத்துக் குறள்களும் குடிப்பவனையே இடித்துரைக்கின்றன. மரமேறுபவனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. புலால் மறுத்தலிலோ, தின்பதற்காக உலகம் கொல்லாதிருப்பின் விலைக்காக ஊன் விற்பவர் எவருமிருக்கமாட்டார் என்று கூறிக் குற்றத்தை வாங்கித் தின்பவர் தலையிற் சுமத்துகிறார். வள்ளுவர் வைத்த நியாயம் இது. பின்வந்த யாழ்ப்பாணச் சமுதாயம் இதனைத் தலைகீழாக்கிற்று. குடித்தவர் பெரியவராகவே இருந்தார். இறக்கிக் கொடுத்தவர் தீண்டத்தகாதவரானார்.

சைவத்தின் பெயரால் ஊனை இழித்துரைப்போர் கண்ணப்பநாயனார் புராணத்தை மறுமுறை படித்துப் பார்ப்பது நன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய அவ் வரலாற்றில், வேடர் குலத் திண்ணனார் பன்றி இறைச்சியைக் கோலிற் கோத்துத் தீயிற் காய்ச்சி, பதமறிய நாவிலிட்டுச் சுவைத்து, இலைக்கல்லையில் ஏந்திக் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். மறுநாள் அவ் விறைச்சியோடு தேனையும் கலக்கிறார். தாமும் சுவை கண்டதாகவும், தேன் கலந்திருப்பதால் இது தித்திக்குமென்றும் இறைவனிடமே கூறுகிறார். தீயிற் சுட்ட ஊனும் இனிய பூச்சும் கடவுளுக்கு உவப்பான நிவேதனமான கதை இது. மனம் பதைத்துக் கோயிலைக் கழுவிய சிவகோசரியாரைவிட வேடனையே இறைவன் மேலாகக் கொண்டான் என்பது புராணத்தின் முடிபு. பக்தர்கள் இதனை அன்பின் பெருமை என்று பொருள்கொள்வர்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேடர் உணவு கோயிலின் கருவறைவரை சென்ற இச் செய்தியை உருகி உருகிக் கேட்ட ஊரே, வேடரையொத்த உழைப்பாளரைக் கோயிலின் வெளிவீதியோடு நிறுத்தியது.

காரத்தின் கதைக்கு வருவோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கீழைத்தேசங்களுக்கு அதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். மிளகைப்போல உறைப்பான காய் என்று நம்மவர் அதற்குப் பெயரிட்டனர். அதற்கு முன்னர் மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே நமக்குக் காரம். போர்த்துக்கேயர் நெடுங் கடற்பயணத்துக்காக இறைச்சியைத் திராட்சை மதுவிலும் உள்ளியிலும் ஊறவைத்துக் கொண்டுவந்தனர். கோவாவில் திராட்சை மது அரிதாகவே, தென்னங்கள்ளின் வினாகிரி அதன் இடத்தைப் பிடித்தது. மிளகாயும் வெல்லமும் உடன்சேர, இன்று உலகெங்கும் அறியப்படும் ‘விந்தாலு’ பிறந்தது. மதுவும் உள்ளியும் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயத் தொடரின் சிதைவே அப் பெயர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றகன்றபோது நம் அடுப்படியில் விட்டுச்சென்ற சொற்கள் பல. வினாகிரி அவற்றுள் ஒன்று, பாண் மற்றொன்று, கள்ளுக்கடையைக் குறிக்கும் தவறணையும் அவ் வழி வந்ததே. கொழும்பு மதுக்கடைகளிற் சாராயத்தோடு தின்னக் கொடுக்கும் ‘டெவல்’ இறைச்சியும், சீனியும் வினாகிரியும் மிளகாயும் கூடிய இக் கலப்பின் பிள்ளைதான். அமெரிக்க விருந்துமேசையில் இருப்பது இதன் பணக்கார உறவினர்.

மது, அரசின் வருவாயானதும் கதை வேறு திசையிற் செல்கிறது. ஒல்லாந்தர் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். ஆங்கிலேயர் அம் முறையைப் பேணி வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் உள்நாட்டு முதலாளிவர்க்கம் எழுந்ததற்குச் சாராயக் குத்தகை எத்துணைப் பெரிய ஊற்றாயிருந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். குத்தகைப் பணத்தில் மாளிகைகள் எழுந்தன. பிள்ளைகள் சீமைக்குச் சென்று வழக்கறிஞராயினர். கொடையாளர் என்றும் தலைவர் என்றும் பட்டங்கள் வந்தன. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் வந்தபின் அனுமதியின்றிக் கள்ளிறக்குவது தண்டத்துக்குரிய குற்றமாயிற்று. மதுவிற் செல்வம் சேர்த்தவன் பிரபு. அதே மதுவின் மூலச்சாற்றை மரத்திலிருந்து இறக்கியவன், ஒரு முட்டி தவறினால் மதுவரி உத்தியோகத்தருக்கு அஞ்சி ஒளிக்க வேண்டியவன். வர்க்கம் என்பதை விளக்க வேறு பாடம் தேடவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இதனோடு சமயச் சீர்திருத்தமும் சேர்ந்தது. 1816ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிஷனரிமார் மதுவிலக்கைப் போதித்தனர். (அமெரிக்கர் நமக்கு முதலிற் கொண்டுவந்தது மதுவிலக்கு, இருநூறு ஆண்டு கழித்து வந்தது விஸ்கிப் பாகு.) அவர்களை எதிர்த்தெழுந்த ஆறுமுகநாவலர், இவ் விடயத்தில் அவர்களோடு ஒத்தவரே. அவருடைய பாலபாடம் கொலையையும் புலாலுண்ணலையும் கள்ளுண்ணலையும் பாவங்களாக வரிசைப்படுத்திச் சிறுவர்க்குக் கற்பித்தது. பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கிக் கண்ணப்பர் கதையை வீடுதோறும் சேர்த்தவரும் அவரே என்பது வரலாற்றின் விசித்திரம். தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய பணியையும், 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்ததையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் அவர் சாதியொழுக்கத்தைக் கைவிட்டவரல்லர். அவர் வகுத்த தூய்மை நெறி, நிலமும் கல்வியும் உடையோர் கையிற் சிக்கியபோது, உழைப்போரை இகழ்வதற்குரிய புதிய கருவியாயிற்று. முன்னர்ப் பிறப்பைக் காட்டி ஒதுக்கியவர்கள் இப்போது உணவையும் காட்டி ஒதுக்கினர்.

அவ் வொதுக்கலின் முரண்பாடு நகைப்புக்கிடமானது. அதனை அனுபவித்தோர்க்கு நகைப்பு வரவில்லை. சீவல் தொழிலாளி கிணற்றுக் கயிற்றைத் தொட்டால் தண்ணீர் தீட்டு. அவர் கையாற் சீவி, அவர் முட்டியில் ஊறி, அவர் தோளில் வந்த கள்ளுக்குத் தீட்டில்லை. வேலிக்கு அப்பாலிருந்து அவர் வார்த்த கள்ளை வேலிக்கு இப்பாலிருந்து பெரியவர் பருகினார். தேநீர்க் கடையில் அவருக்கு வேறு பேணி. சில கடைகளிற் போத்தல். இறைச்சியிலும் இவ்வாறே. தீபாவளியை அண்டி ஊரார் கூடிக் கிடாய் வாங்கிப் பங்கு போடும் வழக்கம் வடமராட்சியெங்கும் உண்டு. ஓலையில் ஒத்த குவியல்களாக இறைச்சியைப் பகிர்ந்து, ஈரலும் எலும்பும் எல்லாப் பங்குக்கும் சேர்த்து வைக்கும் அந்த ஒழுங்கு அழகானது. வெள்ளி, செவ்வாய் தவிர்த்து மற்றை நாட்களில் மீனும் இறைச்சியும் மணக்கும் வீடுகளே இங்கு மிகுதி. ஆயினும் மாட்டிறைச்சி என்றதும் அவ் வீடுகள் தம்மைச் சைவமென்று நினைவுகூர்ந்துவிடும். ஏழைக்கு மலிவாகக் கிடைத்த மாட்டிறைச்சி இழிவு. அதுவே விஸ்கிப் பாகு பூசி ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு வரும்போது இழிவு எங்கோ மறைந்துவிடுகிறது.

இழிவுபடுத்தல் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. தீயில் வாட்டுவதைக் குறிக்கும் ‘பார்பிக்கியூ’ என்ற சொல், கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளிடமிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சொல் பிழைத்தது, அச் சொல்லைத் தந்த மக்களிற் பெரும்பாலோர் அடிமை வேலையாலும் நோயாலும் அழிந்தனர். அமெரிக்கத் தென்மாநிலங்களிற் குழிவெட்டிக் கரியிட்டு இரவெல்லாம் இறைச்சி வாட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பின அடிமைகள். சோளம் 51 வீதத்துக்குக் குறையாது சேர்த்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலங்களில் முதிரவைக்கும் ‘பேர்பன்’ விஸ்கியை அமெரிக்கக் காங்கிரஸ் 1964ஆம் ஆண்டில் தன் நாட்டுக்கே உரிய பண்டமென்று தீர்மானித்தது. அயல் மாநிலமான தென்னெசியில் ஜாக் டானியலுக்கு வடிக்கும் தொழிலைக் கற்பித்தவர் நேதன் கிறீன் என்ற அடிமை என்பதை அந் நிறுவனம் விளம்பர முறையில் ஏற்றுக்கொண்டதோ 2016ஆம் ஆண்டில். போத்தலில் எசமானின் பெயர் நூறாண்டுக்கு மேல் இருந்தது.

நம்மூரவர் அமெரிக்காவை அறியாதவரல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிப் பெயர்மாற்ற, நம்மூர் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். அக் கதையை ஊர் பெருமையோடு பேசுகிறது, பேசத்தான் வேண்டும். கப்பலோட்டியதற்குக் கிடைத்த இப் பெருமை, அக் கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் நின்ற மரங்களில் நாளுக்கு இருமுறை ஏறியிறங்கிய தொழிலுக்குக் கிடைக்கவில்லை. இரண்டிலும் உயிருக்கு ஆபத்துண்டு. தளைநாரும் பாளைக்கத்தியும் மட்டுமே துணையாக உச்சியில் நிற்பவன், பாய்மரத்தில் ஏறும் மாலுமியைவிடத் திறமை குறைந்தவனா?

பெருமை தானாக வரவில்லை. உரிமையும் தானாக வரவில்லை. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஏட்டில் இருந்த சட்டத்தை வீதிக்குக் கொணர்ந்தது 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி எழுந்த ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களுமே. 1970களிற் கள்ளிறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. குத்தகைக்காரனுக்கு இறக்கிக் கொடுத்தவர்கள் தம் சங்கத்துக்கே அளந்து கொடுக்கலாயினர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. நம்மூருக்குக் கிழக்கே, பருத்தித்துறைப் பக்கமாகவுள்ள திக்கத்தில், கூட்டுறவாளரின் முயற்சியால் எழுந்த வடிசாலை பனஞ்சாராயம் வடித்தது. வரலாற்றில் முதன்முறையாக ஏறியவனும் வடித்தவனும் ஒரே அணியில் நின்றனர். போர் அதனைப் பலவாறு குலைத்தது. பின்னர் அதனை எவர் நடத்துவது என்ற இழுபறியும் வந்தது.

தமிழ்நாட்டின் நிலை இதனினும் விநோதமானது. அங்கே 1987ஆம் ஆண்டிற் கள்ளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் ஆலை மதுவை 2003ஆம் ஆண்டு முதல் அரசே கடை வைத்து விற்கிறது. நாம் மதுவை ஆதரித்து எழுதுகிறோம் என்று எவரும் கருதலாகாது. கூலியின் பாதி தவறணையிற் கரைய, அடுப்பு மூட்ட வழியின்றி நிற்கும் பெண்களின் துயரை ஊராசிரியர் எவரும் அறிவர். மதுவிலக்கு இயக்கங்கள் கூறியவற்றில் உண்மை மிகுதியுண்டு. ஆனால் பனைத்தொழிலாளியைக் குற்றவாளியாக்கிவிட்டு ஆலைமுதலாளிக்கு வழிவிடுவதை மதுவிலக்கு என்று அழைப்பது எங்ஙனம்?

இப்போது சில சமையல் வல்லுநர் பனங்கட்டியையும் பனஞ்சாராயத்தையும் செத்தல் மிளகாயையும் உள்ளியையும் வினாகிரியையும் சேர்த்துப் பாகு காய்ச்சி, சுட்ட இறைச்சியிற் பூசிப் பார்க்கின்றனர். சுவை நன்றென்றே கூறவேண்டும். சீனியிற் கிடைக்காத ஆழம் பனங்கட்டியில் உண்டு. இப் பண்டம் பரவினால் பனஞ்சாற்றுக்குத் தேவை பெருகும். தேவை பெருகினால் விலையும் உயரும். உயர்ந்த விலையிற் சீவல் தொழிலாளிக்கு எவ்வளவு சேரும், இடையில் நிற்போர்க்கு எவ்வளவு சேரும் என்பதைக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். கோவாவின் விந்தாலுவும் அமெரிக்காவின் விஸ்கியும் செல்வமீட்டியபோது அக் கேள்வியைக் கேட்க எவருமிருக்கவில்லை.

பாடசாலை இடாப்பில் தந்தையின் தொழிலைக் குறிக்க ஒரு நிரல் உண்டு. அதில் ‘மாலுமி’ என்று எழுதும் பிள்ளைகள் எழுத்தைப் பெரிதாக எழுதுவர். தந்தை நாள்தோறும் பாளை சீவுபவராயிருந்தும் ‘கூலி’ என்று எழுதிவிட்டுக் கீழே பார்க்கும் பிள்ளைகளை ஒவ்வோராண்டும் காண்கிறோம். உயர்தர வகுப்பில் ஒருமுறை நெய்தற்கரை விருந்தைப் பற்றிப் பேசியபோது அத்தகைய மாணவன் ஒருவன், கொடுத்த அரசனுக்கும் பாடிய புலவருக்கும் பெயர் இருக்கிறதே, அந்தத் தேறலை ஆக்கியவரின் பெயர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றோம். நுளையர் குலத்துப் பெண் ஒருத்தி அரித்தாள் என்ற அளவே அதில் உண்டு.